குதிரைக்காரன் வருமுன்பே இருந்த கிணறு: தமிழில் உலக வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணைநூல் தயாரிக்கிறவர்களுக்கும், இணையக் கலைக்களஞ்சியங்களில் கட்டுரை சேர்க்கிறவர்களுக்கும் வணக்கம்.

திருப்பூரில் டையிங் மாஸ்டராக வேலை பழகியவன் நான். நைஜீரியாவின் கானோ நகரத்தில் ஒரு துணி ஆலையில் ஒன்பது வருடம், அந்த ஆலை மூடிய பிறகு கானா நாட்டின் அக்ராவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். போன மாதம் அண்ணன் மகள் ஒரு புராஜெக்ட் நோட்டோடு வந்தாள். "சித்தப்பா, உங்க ஊர்க்காரங்களைப் பத்தி எழுதியிருக்கேன், பாருங்க" என்றாள். கானோவைத்தான் அவள் என் ஊர் என்பாள். அங்கே பெரும்பாலும் ஹௌசா மக்கள்தான். முத்து முத்தான கையெழுத்தில் இரண்டு வரி: "ஹௌசா இனத்தவர் பாக்தாத்திலிருந்து வந்த ஓர் இளவரசனின் வழிவந்தவர்கள். இவர்கள் படையெடுத்து மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் பரவினர்." கூடவே ஒரு வரைபடம். பாக்தாத்தில் தொடங்கி சகாராவுக்குக் கீழே வந்து குத்தும் ஒரு பெரிய சிவப்பு அம்பு.

எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். ஒரு துணைநூலைக் காட்டினாள். அதே இரண்டு வரி ஒரு காணொலியிலும் ஓர் இணையக் கட்டுரையிலும் வார்த்தை மாறாமல் இருப்பதை அன்று ராத்திரியே பார்த்தேன். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று தேட எனக்கு மனமில்லை. அந்த இரண்டு வரியும் தப்பு. அதைத் திருத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் அந்த இளவரசன் கதை. எங்கள் ஆலையின் காவலாளி ஒரு பெரியவர். எல்லோரும் அவரை பாபா என்று கூப்பிடுவோம். ஹௌசாவில் அது அப்பா என்கிற வார்த்தை. கரண்ட் போன இரவுகளில் கேட்டுக்குப் பக்கத்தில் கரி அடுப்பில் டீ போட்டுக்கொண்டே கதை சொல்வார். ஹௌசாவில் கதை தொடங்க ஒரு முறை உண்டு. சொல்பவர் "கா த, கா த நன்" என்பார். இதோ, கதை வந்துவிட்டது என்று அர்த்தம். கேட்கிறவர்கள் "த ஸோ மு ஜி த" என்று குரல் கொடுக்க வேண்டும், வரட்டும், கேட்போம். நாங்கள் குரல் கொடுக்கவில்லை என்றால் பாபா வாயைத் திறக்கமாட்டார்.

அப்படித்தான் பயஜித்தாவின் கதையைக் கேட்டேன். பாக்தாத் அரசனின் மகன் ஒருவன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பி, சாட் ஏரிக்கரையிலிருந்த போர்னு அரசுக்கு வந்து சேர்கிறான். அங்கே அரசன் பெண் கொடுக்கிறான். பிறகு மருமகனைப் பார்த்து அவனுக்கே பயம் வந்துவிடுகிறது. உயிர் தப்ப பயஜித்தா ஓடுகிறான். கர்ப்பிணியான மனைவியை வழியில் ஓர் ஊரில் விட்டுவிட்டு, குதிரையோடு தனியாக மேற்கே போகிறான். காயா என்ற ஊரின் கொல்லர்கள் அவனுக்கு ஒரு கத்தி அடித்துக் கொடுக்கிறார்கள். இருட்டிய பிறகு தௌரா நகரத்துக்கு வந்து, அயானா என்ற கிழவியின் வீட்டில் தங்குகிறான். குதிரைக்குத் தண்ணீர் கேட்கிறான். "கிணற்றில் ஒரு பாம்பு இருக்கிறது, வெள்ளிக்கிழமை மட்டும்தான் தண்ணீர் எடுக்க விடும்" என்கிறாள் கிழவி. வாளியை வாங்கிக்கொண்டு இருட்டில் கிணற்றுக்குப் போகிறான். வாளியோடு சேர்ந்து பாம்பும் மேலே வருகிறது. வெட்டுகிறான். தலையைப் பையில் போட்டுக்கொண்டு, குதிரைக்கும் கிழவிக்கும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்ப் படுத்துவிடுகிறான்.

விடிந்ததும் ஊரே கிணற்றடியில். பாம்பைக் கொன்றவனுக்குப் பாதி ஊர் தருகிறேன் என்கிறாள் தௌராவின் அரசி. நான்தான் நான்தான் என்று பலர் வருகிறார்கள். ஒருவனிடமும் தலை இல்லை. கிழவி வந்து, தன் வீட்டுக்கு வந்த குதிரைக்காரனைப் பற்றிச் சொல்கிறாள். அவன் பையைத் திறக்கிறான். பாதி ஊர் வேண்டாம், அரசியைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறான். அவர்களுக்குப் பிறந்தவன் பாவோ. பாவோவின் ஆறு பிள்ளைகளும் போர்னு இளவரசியின் மகன் பிராமும் சேர்ந்து ஏழு ஊர்களை ஆண்டார்கள்: தௌரா, கானோ, கத்சினா, ஸஸ்ஸாவ், கோபிர், ரானோ, பிராம். இவைதான் ஹௌசா பக்வாய், ஏழு ஹௌசாக்கள். இதில் யார் யாருக்கு என்ன வேலை என்றும் கதையில் உண்டு. கத்சினாவும் தௌராவும் சந்தையின் அரசர்கள். கோபிர் போருக்கு. ஸஸ்ஸாவ் அடிமை பிடிக்க. கானோவும் ரானோவும் நீலச் சாயத்தின் அரசர்கள். கதையின் அந்த இடம் வரும்போது பாபா என் பக்கம் கையைக் காட்டுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில் தௌராவுக்கே போனேன். நைஜர் எல்லைக்குப் பக்கத்தில், கத்சினா மாநிலத்தில் இருக்கிற ஊர். குசுகு என்று அந்தக் கிணற்றுக்குப் பெயர். சுற்றிலும் கட்டடம் எழுப்பி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்குத் தண்ணீர் இறைத்துத் தருகிறார்கள், நானும் குடித்தேன். கொஞ்சம் உப்புக் கரித்தது. கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒன்று உறைத்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

இந்தக் கதையை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பயஜித்தா வரும்போது கிணறு இருக்கிறது. கிணற்றைச் சுற்றி ஊர் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் தண்ணீர் என்று ஊர்க்கட்டுப்பாடு இருக்கிறது. ஊரை ஆள ஒரு அரசி இருக்கிறாள். அவளுக்கு முன்னாலும் அரசிகள் வரிசையாக ஆண்டார்கள் என்று தௌராவின் மரபே சொல்கிறது. காயாவில் இரும்பு உருக்கிக் கத்தி அடிக்கத் தெரிந்த கொல்லர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மொழி இருக்கிறது. பயஜித்தா என்ற பெயருக்கு ஹௌசாக்காரர்கள் சொல்லும் பொருளே "முன்பு பாஷை புரியாதவன்" என்பதுதான். ஊர்க்காரர்கள் பேசியது ஹௌசா. புரியாமல் நின்றவன் வந்தவன். அப்புறம் எப்படி அவன் ஹௌசா மக்களின் ஆதித் தகப்பன் ஆவான்?

பாம்பின் பெயரையும் கவனியுங்கள். சார்கி. ஹௌசாவில் சார்கி என்றால் அரசன். தண்ணீரைப் பிடித்துவைத்திருந்த பழைய அதிகாரம் போய், அரசிகளின் ஆட்சி போய், தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் ஆட்சி வந்ததைச் சொல்கிற கதை இது. அரச குடும்பங்கள் தங்கள் உரிமையை எப்படி விளக்கிக்கொண்டன என்பதுதான் இதில் இருக்கிறது. மக்கள் எங்கே தோன்றினார்கள் என்று கதை சொல்லவே இல்லை. அவர்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள்.

பாக்தாத் ஏன் வந்தது என்று கேட்பீர்கள். அந்தப் பக்கத்தில் அது வழக்கம். போர்னுவை ஆண்ட செஃபாவா வம்சம் தன்னை யேமன் நாட்டு வீரன் ஒருவனின் வழி என்று சொல்லிக்கொண்டது. இஸ்லாம் வேரூன்றிய பிறகு, கிழக்கே ஒரு புனித ஊரோ பெரிய ஊரோ பூர்வீகம் என்றால் அரியணைக்கு மதிப்பு கூடியது. பயஜித்தா என்பவன், வட ஆப்பிரிக்காவில் கலகம் செய்து 947இல் இறந்த அபு யசீதின் நினைவாக இருக்கலாம் என்று ஒரு ஆய்வாளர் எழுதினார். வேறு சிலர், ஹௌசா ஊர்கள் போர்னுவுக்குக் கப்பம் கட்டிய காலத்தின் நிழல் அது என்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. எது சரியானாலும், அது ஆள வந்தவர்களின் கதை.

பிறகு காலனிக் காலத்து ஐரோப்பியர்கள் வந்தார்கள். ஆப்பிரிக்காவில் எங்காவது மதிலும் சந்தையும் அரசும் இருந்தால், அது வெளியிலிருந்து வந்த வெளிர்நிறத்தார் கட்டியதாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர்களில் பலர் நினைத்தார்கள். பயஜித்தா அவர்களுக்குக் கையில் கிடைத்த சாட்சி ஆகிவிட்டான். கிணற்றடியில் சொல்லிவந்த கதையை எடுத்து, வரைபடத்தில் அம்பாகப் போட்டவர்கள் அவர்கள். இன்றைக்கு அதைத் தமிழில் அச்சடிக்கிறபோது, நாம் அறியாமலே அந்த எண்ணத்துக்கும் சேர்த்துத்தான் மை செலவழிக்கிறோம்.

சரி, அந்த மண்ணில் என்ன சான்று இருக்கிறது?

மொழியிலிருந்து தொடங்குகிறேன். ஹௌசா சாதிய மொழிக் கிளையைச் சேர்ந்தது. சாட் ஏரியின் பெயரால் வந்த பெயர் அது. நம்மூர் சாதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தக் கிளை, ஆப்பிரோ-ஆசிய மொழிக் குடும்பத்தில் ஒன்று. அரபு, எபிரேயம், அம்ஹாரிக், பெர்பெர், பழைய எகிப்திய மொழி எல்லாம் அதே குடும்பம். சாவதற்கு ஹௌசாவில் முத்து என்பார்கள், அரபியில் மாத்த. இந்த ஒற்றுமையைக் காட்டி, பார்த்தீர்களா அரபு பூர்வீகம் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் கிளைகள் பிரிந்தது பல ஆயிரம் வருடங்களுக்கு முன்னால். பாக்தாத் நகரம் கட்டப்பட்டதே 762இல்.

இன்னொன்று. சாட் ஏரிக்கும் நைஜீரியாவின் நடுவிலுள்ள ஜோஸ் பீடபூமிக்கும் இடையில் ஹௌசாவுக்கு உறவான சாதிய மொழிகள் டஜன் கணக்கில் நெருக்கமாக இருக்கின்றன. ஒரு மலை தாண்டினால் வேறு மொழி. ஆனால் அங்கிருந்து மேற்கே கானோ, கத்சினா, சொகோட்டோ, வடக்கே நைஜர் நாட்டின் ஸின்தர், மராதி என்று பெரும் பரப்பில் ஹௌசா ஒன்றேதான். வட்டார வேறுபாடு குறைவு. ஒரு மொழிக்குச் சொந்தங்கள் நெருக்கமாக இருக்கும் பக்கம் அதன் பழைய வீடு, ஒரே பேச்சு அகலமாக விரிந்திருக்கும் பக்கம் அது பிறகு போன இடம் என்பது மொழியியலில் வழக்கமான வாதம். இதை வைத்துத்தான் 1979இல் ஜான் சட்டன் என்ற ஆய்வாளர், ஹௌசா பேச்சும் வாழ்க்கைமுறையும் சுமார் ஆயிரம் ஆண்டுகளில் கிழக்கிலிருந்து மேற்கே சவன்னா நிலத்தில் படிப்படியாக விரிந்தது என்று எழுதினார். வடக்கே அயர் மலைப்பக்கம் இருந்த கோபிர் மக்கள், சகாரா பாலைவனத்து நாடோடிகளான துவாரெக்குகளின் அழுத்தத்தால் தெற்கே நகர்ந்தார்கள் என்ற மரபும் இருக்கிறது. இரண்டையும் எழுதுங்கள். இரண்டுமே அந்த நிலத்துக்குள் நடந்த நகர்வுதான்.

ஹௌசாவில் எழுதுவது ருபுது, படிப்பது கராது, சந்தை கசுவா, மதில் சூழ்ந்த ஊர் பிர்னி. இந்த நான்கும் போர்னு மக்களின் கானுரி மொழி வழியாக வந்த சொற்கள். எழுத்தும் பெருஞ்சந்தையும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்பதற்கு இதைவிட அழகான தடயம் எனக்குத் தெரியாது. பாக்தாத் வரை போகவே வேண்டாம். பக்கத்து வீட்டிலேயே விடை இருக்கிறது.

கானோவில் தாலா என்று ஒரு சின்னக் குன்று உண்டு. ஏறி நின்றால் பழைய நகரம் முழுவதும் தெரியும். இரும்புக்கல் தேடி அந்தக் குன்றுக்கு வந்த காயா ஊர்க் கொல்லன் ஒருவனின் பெயர்தான் கானோ, அவன் பெயரே ஊர்ப்பெயர் ஆனது என்பார்கள். கானோவின் அரசர் வரிசையைச் சொல்லும் அரபு ஏடு ஒன்று இருக்கிறது; 1908இல் ஆங்கிலத்துக்கு வந்தது. அந்த ஏடு தாலா குன்றில் வாழ்ந்த பார்புஷே என்ற வேட்டைக்காரப் பூசாரியிலிருந்து தொடங்குகிறது. பயஜித்தாவின் பேரனாகச் சொல்லப்படும் பகௌதா 999இல் வந்து அரசனானான் என்று அதிலேயே பிறகுதான் வருகிறது. அதாவது, அரச வம்சத்தின் சொந்த ஏடே, எங்களுக்கு முன்னால் இங்கே ஆள் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறது. 14ஆம் நூற்றாண்டில் யாஜி என்ற அரசன் காலத்தில் மேற்கிலிருந்து வங்காரா வணிகர்கள் இஸ்லாத்தைக் கொண்டுவந்ததும் அதில்தான் இருக்கிறது. இன்றும் இஸ்லாத்தில் சேராமல் பழைய வழிபாட்டோடு இருக்கும் ஹௌசா மக்கள் உண்டு. மகுஸாவா என்று பெயர். உங்கள் நூல்களில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் பேசவிடுங்கள். கானோவில் கோஃபார் மாதா என்ற வாசலுக்குப் பக்கத்தில் சாயக்குழிகள் இருக்கின்றன. 1498இல் ஏற்பட்டவை என்பது அவர்கள் கணக்கு. நம் பட்டறையில் வின்ச் மெஷினும் ஸ்டீமும் வைத்துச் செய்ததை அவர்கள் தரையில் தோண்டிய வட்டக் குழியில் செய்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். உள்ளே அவுரி, சாம்பல், பொட்டாஷ், தண்ணீர். நாள் கணக்கில் புளிக்கவிட்டு, மணத்தை வைத்தே பக்குவம் சொல்கிறார்கள். குழி வாயில் குந்தி உட்கார்ந்து, துணியை முழங்கை வரை முக்கி முக்கி எடுப்பார்கள். வெளியே வரும்போது துணி பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். அந்த மாற்றத்தை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், இருந்தாலும் அங்கே முதல் தடவை பார்த்தபோது கை கூப்பத் தோன்றியது. பிறகு துணியை மரக்கட்டையில் வைத்து இன்னும் நீலப்பொடி தூவி அடித்து அடித்து உலோகம் மாதிரி மினுங்க வைப்பார்கள். துவாரெக் ஆண்கள் தலையில் சுற்றும் துணி அப்படி வந்ததுதான்.

1851இல் கானோவுக்கு வந்த ஜெர்மானியப் பயணி ஹைன்ரிஷ் பார்த், இந்தத் துணி வடக்கே திரிப்போலி வரையும் மேற்கே அட்லாண்டிக் கரை வரையும் போனதை எழுதியிருக்கிறார். ஐரோப்பாவில் மொராக்கோ தோல் என்று விற்ற சிவப்புத் தோலில் பெரும்பகுதி கானோ, சொகோட்டோ பக்கத்து ஆட்டுத்தோல்தான். மொராக்கோ வழியாகப் போனதால் அந்தப் பெயர். அப்போது அந்தச் சந்தையில் பணம் என்பது சோழி. அந்தச் சோழியில் ஒரு பகுதி மாலத்தீவுக் கடலில் எடுத்து, இலங்கை, வங்காளத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பியக் கப்பல் ஏறி, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கி, அங்கிருந்து தலைச்சுமையாகவும் கழுதைச் சுமையாகவும் உள்ளே போனது. நம் பாட்டிமார் தாயம் ஆடிய அதே சோழி.

இப்போது இரண்டாவது வரி. "படையெடுத்துப் பரவினர்."

ஹௌசா அரசுகள் சண்டையே போடவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கானோவும் கத்சினாவும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டன. ஸஸ்ஸாவின் அரசி அமினா தெற்கே தூரம் வரை ஊர்களைப் பிடித்தாள் என்று கானோ ஏடு சொல்கிறது. அடிமை வாணிகமும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் பெரிய படையெடுப்பு 1804இல் தொடங்கியது. அதை நடத்தியவர் உஸ்மான் தான் ஃபோதியோ, கோபிரில் பிறந்த, ஃபுலானி என்ற வேறோர் இனத்தைச் சேர்ந்த அறிஞர். கவிழ்ந்தது யார்? ஹௌசா அரசர்கள். சாதாரண ஹௌசா மக்கள் பலர் அவர் பக்கம் நின்றார்கள் என்பதும் உண்மை. தோற்ற கத்சினா அரச குடும்பம் வடக்கே போய் மராதியில் உட்கார்ந்தது. ஸஸ்ஸாவின் குடும்பம் தெற்கே போய் ஏற்படுத்திய ஊர்தான் பழைய அபுஜா, இன்றைய சுலேஜா. கோபிர்க்காரர்கள் திபிரிக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் பிடித்து விற்கப்பட்ட ஹௌசாக்கள் அட்லாண்டிக் தாண்டி பிரேசிலின் பாஹியா வரை போனார்கள். 1835இல் அங்கே நடந்த அடிமைகளின் கிளர்ச்சியில் அவர்களும் இருந்தார்கள். இப்படிப் போனதையா படையெடுத்துப் பரவினர் என்று எழுதுவது?

ஜெயித்த ஃபுலானிகளோ, இரண்டு மூன்று தலைமுறையில் ஊர்களில் ஹௌசா பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

உண்மையில் ஹௌசாவைத் தூரதேசம் கொண்டுபோனது கோரோ. அதாவது கோலாக் கொட்டை. அது விளைவது தெற்கே, இன்றைய கானா நாட்டின் அசாந்தே காட்டில். கடித்தால் கசக்கும், பிறகு தண்ணீர் குடித்தால் இனிக்கும். மது தொடாத ஊர்களில் விருந்துக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் பெயர் சூட்டுக்கும் அதுதான். ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும், பூச்சி வைக்கும். ஈர இலையில் பொதிந்து, வழியில் அவ்வப்போது பிரித்துப் பார்த்து, கெட்டதை எடுத்துவிட்டு மறுபடி கட்டவேண்டும். கழுதைகளோடு மாதக்கணக்கில் நடந்து போய்வரும் அந்தக் கூட்டத்துக்கு ஆயாரி என்று பெயர், தலைவன் மதுகு. இரவு தங்கும் இடம் ஸாங்கோ. போன ஊரில் தங்க இடம் கொடுத்து, வியாபாரம் முடித்துக் கொடுத்து, கடனுக்கு ஜாமீன் நிற்பவர் மை கிதா, வீட்டுக்காரர். நம்பிக்கையிலேயே ஓடிய தொழில்.

இதில் ஒரு விஷயம் என்னை அசைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கோலா வணிகத்தைக் கையில் வைத்திருந்த அகலாவா, தொகராவா குடும்பங்கள் ஆதியில் துவாரெக் சமூகத்தில் கீழ்நிலையில் வேலை செய்தவர்கள். பாலைவன ஓரத்திலிருந்து கானோ, கத்சினா பக்கம் வந்து குடியேறி, ஹௌசா பேசி, ஹௌசாவாகவே ஆனவர்கள். இன்னொரு பிரிவு கானுரி வழி. அதாவது, ஹௌசா என்ற பெயரை அசாந்தே வரை தூக்கிப் போனவர்களே ஹௌசாவாக மாறியவர்கள்தான். ரத்தத்தைத் தேடி அம்பு வரைந்தால் இவர்களை எங்கே வைப்பீர்கள்? மொழி பேசினான், உடை உடுத்தினான், சந்தை நாணயம் காத்தான், நம்மவன் ஆனான். "நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள்?" என்று ஒருநாள் பாபாவிடம் கேட்டேன். தாத்தா கானுரி, பாட்டி ஃபுலானி என்றார். அப்போ நீங்கள் என்று இழுத்தேன். "பஹவுஷே" என்றார், ஹௌசாக்காரன் என்று. இதில் என்ன சந்தேகம் என்கிற மாதிரி அடுப்பை ஊதப் போய்விட்டார்.

அந்த ஸாங்கோதான் கானாவில் ஸோங்கோ ஆனது. சலகா, கும்மாசி, அக்ரா, எங்கே போனாலும் வெளியூர் முஸ்லிம்கள் குடியிருக்கும் பகுதிக்கு அதுதான் பெயர். அங்கே பல இனத்தார் இருந்தாலும் பொதுப்பேச்சு ஹௌசா. அக்ராவின் நிமாவில் நான் குடியிருந்த சந்து முனையில் ஒரு அம்மா விடிகாலையில் கோசே சுடுவார். காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயம் மிளகாயோடு அரைத்து எண்ணெயில் கிள்ளிப் போடுவது; நம் வடையைச் சாப்பிடுகிற நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை. கூடவே கம்பங்கூழ், அதற்கு அங்கே பெயரே ஹௌசா கோகோ. மத்தியானம் வாச்சே. கானா நாடே தன் உணவு என்று சொல்லிக்கொள்ளும் அந்தச் சோறும் காராமணியும், ஹௌசாவின் "ஷின்காஃபா த வாகே" என்பதன் வால். சோளத்தட்டையின் சிவந்த இலையுறையைப் போட்டு வேகவைத்தால் சோறு செம்பழுப்பாக மாறும். அதே இலையுறையைத்தான் கானோவில் தோலுக்குச் சிவப்புச் சாயமாகப் போடுகிறார்கள். தட்டில் அதைப் பார்த்த அன்று, சாயக்காரன் வழியாகவே ஒரு மக்களின் பாதையைத் தொடர்ந்துவிடலாம் என்று தோன்றியது.

வேறு பாதைகளும் உண்டு. 1863இல் லாகோஸில் கிளோவர் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய படையில் அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஹௌசாக்கள் நிறைய; அதன்பிறகு பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்கப் படைமுகாம்களின் மொழியே ஹௌசா ஆயிற்று. கிழக்கே மக்கா யாத்திரை. கால்நடையாகக் கிளம்பி, வழியில் கூலிவேலை செய்து, பிள்ளை பெற்று, சில குடும்பங்கள் வருடக்கணக்கில் நடந்தன. 1903இல் ஆங்கிலேயர், உஸ்மானின் வழியினர் ஆண்ட சொகோட்டோவைப் பிடித்து, பர்மி என்ற ஊரில் அதன் சுல்தான் அத்தாஹிருவைக் கொன்ற பிறகு, அவர் மகனோடு பெருங்கூட்டம் சூடானுக்கு நடந்தது. நீலநைல் கரையில் மாயுர்னோ என்ற ஊர் அப்படி வந்தது. 1925இல் தொடங்கிய கெசீரா பருத்தித் திட்டத்தில் பஞ்செடுத்த கைகளில் இவர்களுடையவை ஏராளம்.

இந்த மடலை நான் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம் அந்த நீலநைல்தான். 2022 ஜூலையில் சூடானின் நீலநைல் மாநிலத்தில், ஹௌசாக்கள் தங்களுக்கென்று ஒரு மரபுத் தலைமையைக் கேட்டபோது, இது உங்கள் மண் இல்லை, நீங்கள் வந்தேறிகள் என்று பதில் வந்தது. மோதலில் நூற்றுக்கு மேல் ஆட்கள் செத்தார்கள். அக்டோபரில் மறுபடி நடந்தது, இன்னும் அதிகம் பேர். ஆயிரக்கணக்கில் வீடிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள், அவர்கள் பெற்றோரும் அங்கேயே பிறந்தவர்கள். கானாவிலும் 1969இல் வெளிநாட்டவர் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்து, தலைமுறைகளாக ஸோங்கோவில் இருந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. நிமாவில் அந்த கோசே அம்மாவின் மாமியாருக்கு அது நினைவிருந்தது. இரண்டு வாரம் கெடு கொடுத்தார்கள், தையல் மெஷினை வந்த விலைக்கு விற்றோம் என்றார்.

பாக்தாத்திலிருந்து வந்தவர்கள் என்றால் ஹௌசாலாந்தே அவர்களுடையது இல்லை. படையெடுத்துப் பரவியவர்கள் என்றால் கானாவும் சூடானும் அவர்களுடையவை இல்லை. அப்படியானால் எந்த ஊர்தான் அவர்களுடையது? உங்கள் இரண்டு வரி இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்வதும் இதைத்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பயஜித்தா கதையைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். முழுசாகச் சொல்லுங்கள், அயானாவையும் அரசியையும் காயாக் கொல்லர்களையும் விடாமல் சொல்லுங்கள், ஆனால் கதை என்று சொல்லிச் சொல்லுங்கள். தோற்றம் என்ற இடத்தில் சாட் ஏரிப் பக்கத்தையும் சாதிய மொழிகளையும் தாலா குன்றையும் வையுங்கள். பரவல் என்ற இடத்தில் கோலாவையும் ஸாங்கோவையும் வையுங்கள். 1804ஐ எழுதும்போது யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்பதைச் சரியாக எழுதுங்கள். ஹௌசா-ஃபுலானி என்று ஒரே சொல்லாக ஒட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். இன்றைய ஹௌசாவையும் எழுதுங்கள்: 1939இல் ஸாரியாவில் தொடங்கிய, "உண்மை காசைவிடப் பெரிது" என்று பெயர் வைத்துக்கொண்ட செய்தித்தாள், 1957 முதல் ஒலிக்கும் பிபிசி ஹௌசா வானொலி, 2025இல் நைஜர் நாடு ஹௌசாவைத் தேசிய மொழி என்று தன் புதிய சாசனத்தில் எழுதிக்கொண்டது. என்னால் ஆன உதவி எதுவானாலும் செய்கிறேன். பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று கேட்டால்கூடச் சொல்கிறேன்.

அண்ணன் மகள் தன் நோட்டைத் திருத்திவிட்டாள். அந்தச் சிவப்பு அம்பின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, கானோவிலிருந்து சலகா வரை புள்ளி புள்ளியாக ஒரு பாதை போட்டு, நடுவில் இரண்டு கழுதை வரைந்திருக்கிறாள். முதுகில் இலைப்பொதி. மதுகு எங்கே என்று கேட்டதற்கு, முன்னால் போய்விட்டார், தங்க இடம் பார்க்க என்றாள். அவளுடைய நோட்டில் நான் ஒட்ட முடிந்தது. அச்சுக்குப் போகும் நூலில் அந்த அம்பை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
கானோவில் சாயம் போட்ட திருப்பூர்க்காரன்